பெயர் பிழைத்தால் வழக்குப் பிழைக்குமா?

"வழக்கிலே பெயரைப் பிழையாகப் போட்டிருக்கிறார்கள், இனி அது நிற்காது" என்ற பேச்சை, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நீதிமன்ற வாசலில் தவணைக்காகக் காத்திருந்த எவரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். "பெயரில் என்ன இருக்கிறது, ஆளைத் தெரியும்தானே" என்று, கடையின் பெயர்ப்பலகையில் உள்ளதை அப்படியே எழுதிக் கொடுத்து வழக்குத் தொடுக்கச் சொல்பவர்களும் அதே வாசலில் நிற்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் உண்டு. ஊரில் பெயர்ப்பிழை என்று ஒரே சொல்லால் சொல்லப்படுவது, நீதிமன்றத்தின் பார்வையில் தன்மையால் வேறுபட்ட பல பிழைகளாகும். அவற்றுட் சில ஒரு பேனாக் கோட்டோடு தீரும், சில வழக்கையே கொண்டுபோய்விடும். இங்கே விளக்கப்படுவது குடியியல் வழக்குகளைப் பற்றியது. அதாவது, எவருக்கும் தண்டனை கோராமல், கடன், காணி, நட்டஈடு போன்ற உரிமைகளைக் கோரி ஒருவர் மற்றவர்மீது தொடுக்கும் வழக்குகளைப் பற்றியது.

நிவாரணப் பட்டியலில் ஒரு பெயர்

இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய ஊர்களில் கிராம அலுவலரின் பட்டியலை அறியாதவர் இல்லை. வறட்சி நிவாரணப் பட்டியலில் செல்வராணி என்ற பெயர் செல்வறாணி என்று பதிவாகி, தலைப்பெழுத்தும் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்ப அட்டை இலக்கமும் ஒழுங்கையும் கணவரின் பெயரும் சரியாக இருந்தால், அலுவலர் எழுத்தைத் திருத்தி, பக்கத்தில் ஒப்பமிட்டு, பொதியைக் கொடுத்துவிடுவார். ஏனென்றால் கருதப்பட்டவர் அந்தப் பெண்தான் என்பதில் அங்கு நிற்கும் எவருக்கும் ஐயமில்லை. அதே பட்டியலில் தாயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், வேறு அட்டையோடு வேறாக வாழும் மகளின் பெயர் இருந்தால், அதை எழுத்துப் பிழை என்று சொல்ல முடியாது, ஆளே மாறிவிட்டார். தாயைப் புதிதாகச் சேர்க்கவேண்டும், சேர்ப்பதற்கான இறுதித் திகதி கடந்திருந்தால் சங்கடம். பட்டியலில் உள்ள பெயருக்கு உரியவர் என்று ஒருவருமே இல்லையென்றால், திருத்துவதா சேர்ப்பதா என்ற கேள்விக்கே இடமில்லை.

நீதிமன்றமும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் யோசிக்கிறது. எழுதப்பட்ட பெயரைக் கொண்டு எவரைக் கருதினார்கள், கருதப்பட்டவருக்கு அது விளங்கியதா, அப்படி ஒருவர் சட்டத்தின் கண்ணில் உண்மையாகவே இருக்கிறாரா என்பனவே அடிப்படைக் கேள்விகள்.

வழக்குரையின் முதற்பக்கம்

குடியியல் வழக்கு, வழக்குரை எனப்படும் எழுத்தாவணத்தோடு தொடங்குகிறது. வழக்குத் தொடுப்பவர் தன் கதையையும் தான் கேட்கும் நிவாரணத்தையும் அதில் சொல்கிறார். அவர் வழக்காளி, அவர் எவர்மீது தொடுக்கிறாரோ அவர் எதிராளி, இருவரையும் சேர்த்துத் தரப்பினர் என்பார்கள். வழக்குரையின் முதற்பக்கத்தின் மேற்பகுதிக்குத் தலைப்பு என்று பெயர். முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்தில் என்ற வரிக்குக் கீழே வழக்கிலக்கம், வழக்கின் தன்மை, பெறுமதி ஆகியன வரும். பின்னர் வழக்காளியின் முழுப்பெயரும் முகவரியும், நடுவில் தனியாக எதிர் என்ற சொல், அதன்கீழ் எதிராளியின் பெயரும் முகவரியும் வரும். இலங்கையில் 1889ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தரப்பினரின் பெயர், விபரம், வதிவிடம் ஆகியவற்றை வழக்குரை கொண்டிருக்கவேண்டும் என்று கேட்கிறது. பிழைகள் பெரும்பாலும் குடிகொள்வது இந்தச் சில வரிகளில்தான்.

வன்னியில் அவை குடிகொள்வதற்குக் காரணங்களும் தாராளமாக உண்டு. வடக்கின் நீதிமன்றங்களில் வழக்கு தமிழில் நடக்கிறது. ஆனால் கம்பனியின் பதிவுச் சான்றிதழும் வங்கி ஆவணமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தகப்பனின் பெயரை முன்னுக்கு எழுதும் நம் வழக்கத்தில், ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரும், காணி அனுமதிப்பத்திரத்தில் கணவன் பெயரும் முன்னே நிற்கின்றன. அயலில் எல்லோரும் அழைக்கும் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் உள்ள பெயர் வேறொன்று. எல்லா ஆவணங்களையும் இழந்து மீண்டும் பெற்றுக்கொண்ட குடும்பங்களில், கந்தசாமி ஒரு தாளில் கந்தசுவாமியாகவும் இன்னொரு தாளில் கந்தசாமிப்பிள்ளையாகவும் இருப்பது யாருக்கும் வியப்பைத் தராது. அனுபவமுள்ள சட்டத்தரணிகள் இதற்காகவே, ஐயம் உள்ள இடத்தில் இரண்டு பெயரையும் எழுதி நடுவில் எனப்படும் என்ற சொல்லைப் போட்டுவிடுவார்கள். மலிவான காப்புறுதி அது.

ஆள் சரி, எழுத்துப் பிழை

கருதப்பட்ட ஆள் சரியாக இருந்து, அவரைக் குறித்த பெயர் மட்டும் பிழைத்திருந்தால் அதைப் பிழைப்பெயரீடு என்று சொல்லலாம். எழுத்துக்கூட்டல், தலைப்பெழுத்து, கம்பனிப் பெயரின் ஈற்றில் உள்ள லிமிற்றெட் விடுபடுவது, பழைய பெயரில் எழுதுவது முதலியன இந்த வகைக்குள் வரும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வந்தபோது பல கம்பனிகளின் பெயர் ஈறுகள் மாறின. பெயர் மாறினாலும் கம்பனி அதே கம்பனிதான், அதன் கடனும் உரிமையும் வழக்கும் அப்படியே தொடரும்.

ஒரு பிழை இந்த வகைக்குள் அடங்குமா என்பதை அளக்க, இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதியரசர் டெவ்லின் சொன்ன அளவுகோல் பல நாடுகளில் எடுத்தாளப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான டேவிஸ் எதிர் எல்ஸ்பி பிரதர்ஸ் என்ற வழக்கு அது. ஆவணத்தைப் பெறும் நியாயமான ஒருவர் அதை முழுமையாகப் பார்த்துவிட்டு, "இது என்னைத்தான் சொல்கிறது, பெயரைத்தான் பிழையாகப் போட்டுவிட்டார்கள்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாராயின், அது வெறும் பெயர்ப்பிழை. "என்னைச் சொல்கிறார்களா இல்லையா என்று இதை வைத்துச் சொல்ல முடியவில்லை, விசாரித்துப் பார்க்கவேண்டும்" என்று நினைப்பாராயின், விடயம் பெயர்ப்பிழையைத் தாண்டிவிட்டது. அந்த வழக்கில் வழக்காளி தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பங்குடைமையாக, அதாவது கம்பனியாகப் பதியாமல் சிலர் சேர்ந்து நடத்தும் கூட்டு வியாபாரமாக, இருந்து பின்னர் கம்பனியாக மாறிய ஒரு நிறுவனத்தை அவர் பழைய பங்குடைமையின் பெயரில் வழக்கிட்டார். பழைய பங்காளிகளையும் குறிக்கலாம், கம்பனியையும் குறிக்கலாம் என்ற நிலையில் திருத்தம் மறுக்கப்பட்டது.

எனவே முகவரி, தொழில், உறவு, வழக்குரையின் உள்ளே சொல்லப்படும் சம்பவம் ஆகிய எல்லாமே பெயரை விளக்கும் சான்றுகளாகின்றன. பரந்தனில் இன்ன திகதியில் இன்ன உழவு இயந்திரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் என்று வழக்குரை சொல்லும்போது, தலைப்பில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் எவரும் குழம்பப்போவதில்லை.

பிழைப்பெயரோடு அழைப்பாணை வந்தால்

எதிராளியை நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் கட்டளை அழைப்பாணை. அது பதிவுத் தபாலிலோ, நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டுவந்து கொடுக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர் கையிலோ வரும். வீட்டிலக்கம் இல்லாத ஒழுங்கையில், குளக்கட்டுக்குப் போகும் வழியில், மோட்டார் சைக்கிளை நிறுத்தி நாலு வீட்டில் விசாரித்து வந்து சேரும் உத்தியோகத்தரிடம், "இது என் பெயரில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று நினைப்பதுதான் இந்த விடயத்தில் நான் காணும் மிக ஆபத்தான நம்பிக்கை. ஆள் அவர்தான் என்று, அழைப்பாணையைச் சேவித்த, அதாவது நேரில் கையளித்த, உத்தியோகத்தர் சத்தியக் கடதாசியில் சொல்லி, நீதிமன்றமும் அதில் திருப்தியடைந்தால், வராத எதிராளிக்கு எதிராக ஒருதலை விளக்கம் நடக்கும். வழக்காளியின் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பதே ஒருதலை விளக்கம். அந்தத் தீர்ப்பாணையின் பிரதி எதிராளிக்குச் சேவிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விண்ணப்பித்து, தான் வராமைக்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால்தான் அதை நீக்கச்செய்ய முடியும். "பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது" என்பது அங்கே எடுபடக்கூடிய காரணமாக இராது. செய்யவேண்டியது எளிது: தவணைக்குப் போய், தன் சரியான பெயரைச் சொல்லி, ஆட்சேபம் இருந்தால் அதை அங்கே எழுப்புவது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஆள் சரியாக இருந்து எழுத்து மட்டும் பிழைத்தால் தலைப்பு திருத்தப்படும், வழக்குத் தொடரும், பிழையான பெயர் வழக்கிலிருந்து தப்பும் வழியாக எவருக்கும் உதவாது.

பெயர் இருக்கிறது, ஆள் இல்லை

வழக்கிடவும் வழக்கிடப்படவும் கூடிய தகுதியைச் சட்டம் மனிதருக்கும், சட்டத்தால் உருவாக்கப்பட்ட சில அமைப்புகளுக்கும் மட்டுமே தருகிறது. அவற்றைச் சட்ட ஆள் என்பார்கள். கம்பனி ஒரு சட்ட ஆள். கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் சட்ட ஆட்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பிரதேச சபையும் அப்படியே. அதன்மீதான வழக்கைச் சபையின் பெயரிலேயே தொடுக்கவேண்டும்.

இனி, மக்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களைப் பார்ப்போம். ஏ9 வீதியோரத்தில் தனியொருவர் நடத்தும் இரும்புக்கடையின் பலகையில் உள்ள வியாபாரப் பெயர், பிரதேச செயலகத்தில் பதிவாகியிருந்தாலும், சட்ட ஆள் ஆவதில்லை. அந்தப் பெயரில் வியாபாரம் நடத்தும் மனிதரையே வழக்கிடவேண்டும். இருவர் மூவர் சேர்ந்து நடத்தும் பங்குடைமையில் பங்காளிகளின் பெயர்கள் வரவேண்டும். கூட்டிணைக்கப்படாத, அதாவது சட்டத்தால் தனி ஆளாக உருவாக்கப்படாத, விளையாட்டுக் கழகமும் அயலவர் சங்கமும் இவ்வாறே. உறுப்பினர்கள் பலராக இருந்தால், நீதிமன்ற அனுமதியோடு சிலர் எல்லோர் சார்பிலும் வழக்காடுவதற்குச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவு வழி தருகிறது. அரச திணைக்களம் என்பதும் தனியான சட்ட ஆள் ஆகாது. தோட்டத்துக்குள் எல்லைக்கல் போட்டது எந்தத் திணைக்களமாக இருந்தாலும், அரசுக்கு எதிரான குடியியல் வழக்கு 456ஆம் பிரிவின்படி சட்டமா அதிபருக்கு எதிராகவே தொடுக்கப்படவேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னதாக 461ஆம் பிரிவின்படி எழுத்தில் அறிவித்தலும் கொடுத்திருக்கவேண்டும்.

இந்த வகைப் பிழையில் நீதிமன்றம் கடுமையாகவும் இருக்கலாம், இரங்கவும் செய்யலாம். கடையின் பெயருக்குப் பின்னால் உண்மையான ஒருவர் நிற்கிறார், அவரைத்தான் கருதினார்கள் என்பது தெளிவானால் அதைத் தவறான விவரிப்பு என்று கொண்டு திருத்த இடமுண்டு. சிங்கப்பூரில் வியாபாரம் செய்த ஒரு பங்குடைமை, பங்காளிகளின் பெயரைச் சொல்லாமல் வியாபாரப் பெயரிலேயே கல்கத்தாவில் வழக்குத் தொடுத்தபோது, இந்திய உச்ச நீதிமன்றம் அப்படித்தான் கொண்டது. புருஷோத்தம் உமேத்பாய் என்ற பெயரில் 1961ஆம் ஆண்டு அறிக்கைகளில் உள்ள அந்தத் தீர்ப்பின்படி, வியாபாரப் பெயர் பங்காளிகளைச் சுருக்கமாகக் குறிக்கும் ஒரு விவரிப்பே, ஆதலால் பங்காளிகளின் பெயர்களை இட்டுத் திருத்தலாம்.

நம் நாட்டில் இதற்கு இன்னும் பழைய, இன்னும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1936ஆம் ஆண்டின் வேலுப்பிள்ளை வழக்கு. நகர மாவட்டச் சபையை வழக்கிட வேண்டியவர், சபையின் தலைவரைப் பதவிப்பெயரால் வழக்கிட்டுவிட்டார். பிழை உணரப்பட்டபோது புதிய வழக்குப் போடுவதற்கான காலம் கடந்துவிட்டது. தலைவருக்குப் பதிலாகச் சபையைப் பெயரிட அனுமதித்த பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ், சட்ட ஆலோசகரின் குறைபாடும் நடைமுறையின் விசித்திரங்களும் நீதிமன்றங்களின் நெரிசலும் ஒன்றுசேர்ந்து ஒருவரின் வழக்குரிமையைப் பறிப்பதற்குத் தாம் உடந்தையாக முடியாது என்றார். இது நீதிக்கான மன்றம், சட்டக் கலைக்கழகம் அன்று என்றும் சேர்த்தார். இந்த ஒரு வசனம் இன்றுவரை இலங்கை நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது, பொருந்தாத இடங்களிலும்கூட. கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்த வழக்கில் சபைக்கு எவ்வித அதிர்ச்சியும் இருக்கவில்லை. தலைவர் பெயரில் வந்த வழக்கு தன்னைப் பற்றியதுதான் என்று அதற்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

இறந்தவரை எதிராளியாக்குவது இதே வகையின் கடுமையான முனை. வழக்கு நடக்கும்போது ஒரு தரப்பினர் இறந்தால், உரிமை நிலைத்திருக்கும் வழக்குகளில் அவரது சட்டப் பிரதிநிதியைப் பதிலாக இட்டுத் தொடரலாம். சட்டக்கோவை அதற்கென்றே பிரிவுகளை வைத்திருக்கிறது. வழக்குத் தொடுத்த நாளிலேயே அவர் உயிரோடு இல்லையென்றால், அந்த எதிராளியைப் பொறுத்தவரை வழக்கு ஒன்று பிறக்கவே இல்லை என்பதே பொதுவான நிலைப்பாடு. காணிக்காரர் இறந்துவிட்டாரா, வெளிநாட்டில் இருக்கிறாரா, காணாமற்போனாரா என்று தெரியாத நிலை வன்னியில் அரிதன்று. காணாமற்போனவரை இறந்தவராகவும் எழுத முடியாது, உயிரோடிருப்பவராகவும் நடத்த முடியாது. வழக்குரை எழுதுவதற்கு முன் கிராம அலுவலரிடமும் உறவினரிடமும் விசாரிப்பது இங்கே வெறும் சம்பிரதாயம் ஆகாது.

ஆளே மாறிவிட்டால், ஒருவர் விடுபட்டால்

உண்மையில் உரிமை உள்ள ஒருவருக்குப் பதிலாக வேறொருவர் வழக்காளியாகப் பெயரிடப்பட்டிருந்தால், அது நேர்மையான தவறால் நடந்தது என்று நீதிமன்றம் திருப்தியடையும்போது, விளக்கத்துக்கு முன் சரியானவரை அவரது சம்மதத்தோடு இடச் சட்டக்கோவையின் 13ஆம் பிரிவு அனுமதிக்கிறது. விளக்கம் என்பது சாட்சிகளைக் கேட்டு வழக்கை விசாரிக்கும் கட்டம்.

தேவையற்ற ஒருவரைச் சேர்த்துவிடுவதும், தேவையான ஒருவரை விட்டுவிடுவதும் இதற்கு அடுத்தவை. இவற்றுக்காக வழக்கைத் தோற்கடிக்கக் கூடாது என்று 17ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நீதிமன்றம் தன்முன் உள்ள தரப்பினரின் உரிமைகளைப் பொறுத்தளவில் பிணக்கைத் தீர்க்கலாம். தேவையற்றவரின் பெயரை நீக்கவும், பிணக்கை முழுமையாகத் தீர்க்க அவசியமானவரைச் சேர்க்கவும் 18ஆம் பிரிவு அதிகாரமளிக்கிறது. ஊர்ப்பேச்சில் எப்போதும் மறக்கப்படுவது 22ஆம் பிரிவு: தரப்பினர் பற்றிய ஆட்சேபத்தை இயன்றவரை முன்கூட்டியே, எப்படியும் விளக்கத்துக்கு முன், எழுப்பவேண்டும், எழுப்பாவிட்டால் கைவிட்டதாகவே கருதப்படும். குறையைத் தெரிந்துகொண்டே கையில் பொத்தி வைத்திருந்து, தோற்கும்போது வெளியே எடுக்கலாம் என்ற கெட்டித்தனத்துக்கு இதில் இடமில்லை.

காலம் ஓடிக்கொண்டிருக்கிறது

திருத்த முடியுமென்றால் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். கவலைக்குக் காரணம் காலவரையறை. குறித்த காலத்துக்குள் தொடுக்காத வழக்கைச் சட்டம் ஏற்பதில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு, தீங்குக்கான நட்டஈட்டுக்கு 2 ஆண்டு. கடையில் கடனுக்குக் கொடுத்த பொருளின் விலைக்கு 1 ஆண்டுதான். பிழைப்பெயரீட்டைத் திருத்தும்போது ஆள் தொடக்கத்திலிருந்தே அதே ஆள் என்பதால், வழக்கு முதலில் தொடுத்த திகதி காப்பாற்றப்படும். ஆளை மாற்றும்போதோ புதியவரைச் சேர்க்கும்போதோ, "என்மீதான உரிமை ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது" என்று சொல்ல அந்தப் புதியவருக்கு இடம் கிடைக்கிறது. தலைப்பில் உள்ளது எழுத்துப் பிழையா ஆட்பிழையா என்று சட்டத்தரணிகள் மணிக்கணக்கில் வாதாடுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

திருத்தத்தைக் கேட்பதற்கும் நேரம் உண்டு. திருத்தங்களை அனுமதிப்பது பற்றிய, சட்டக்கோவையின் 93ஆம் பிரிவை 1991ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இறுக்கியது. விளக்கத்துக்கு முதலில் குறித்த நாள் வந்துவிட்டால், திருத்தம் மறுக்கப்படுவதால் பாரதூரமான, ஈடுசெய்ய முடியாத அநீதி நேரும் என்றும், கேட்பவர் அசட்டையாகத் தாமதிக்கவில்லை என்றும் நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். 2017ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் விளக்கத்துக்கு முந்திய அமர்வை ஏற்படுத்தியபோது அந்த எல்லைக்கோடு இன்னும் முன்னே நகர்ந்தது. 1936ஆம் ஆண்டின் தீர்ப்பை மட்டும் நம்பி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

சுருக்கமாக, பிழை எந்த வகை என்பதோடு, அது எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் வழக்கின் தலைவிதியை நிர்ணயிக்கிறது.

எழுத்தாணை மனுவில் வேறு கண்டிப்பு

அரச அதிகாரி ஒருவர் சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யும்படி கட்டளையிடவோ, அவர் செய்த முடிவை நீக்கவோ மேல்மட்ட நீதிமன்றம் வழங்கும் ஆணை எழுத்தாணை. இங்கே வழக்காளியை மனுதாரர் என்றும் எதிராளியை எதிர்மனுதாரர் என்றும் சொல்வார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் காட்டப்படும் நெகிழ்ச்சியை இங்கே எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். நாவலப்பிட்டி நகர சபைத் தலைவருக்கு எதிரான ஹனிபா வழக்கில், 1963ஆம் ஆண்டு, தலைவரின் சொந்தப் பெயரைச் சொல்லாமல் பதவியை மட்டும் குறிப்பிட்டதால் மனு தோற்றது. செய் என்று கட்டளையிடும் ஆணையை மீறினால் நீதிமன்றத்தை அவமதித்ததற்காகத் தண்டிக்கவேண்டி வரும். தண்டனையை அனுபவிக்க ஒரு மனிதர் வேண்டும், பதவி சிறைக்குப் போகாது என்பதே அதன் பின்னுள்ள தர்க்கம். சற்று வறண்ட தர்க்கம்தான். ஆனாலும் பிழை என்று சொல்லமுடியாது. 1990ஆம் ஆண்டின் மேன்முறையீட்டு நீதிமன்ற விதிகள் இதை ஓரளவு தளர்த்தின: முடிவை எடுத்த அதிகாரி அந்தப் பதவியிலிருந்து போய்விட்டால், அவருக்குப் பின் வந்தவரைப் பதவிப்பெயரால் மட்டும் குறிப்பிட்டு மனுவை நடத்தலாம்.

எழுத்தாணையில் விடுபட்ட பெயரும் ஆபத்தானது. உதாரணமாக, தனக்குக் கிடைக்கவேண்டிய காணி அனுமதிப்பத்திரம் இன்னொருவருக்கு வழங்கப்பட்டதை நீக்கும்படி ஒருவர் கேட்கிறார் என்று கொள்வோம். பிரதேச செயலாளரை மட்டும் எதிர்மனுதாரராக்கிவிட்டு, அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவரை விட்டுவிட்டால், கேட்கப்படாத ஒருவரின் உரிமையைப் பறிக்கும் ஆணையை நீதிமன்றம் வழங்காது. அவசியமான தரப்பினர் இல்லை என்ற காரணத்துக்காகவே மனு நிராகரிக்கப்படலாம். ஆகவே அந்த ஆளின் முழுப்பெயர், பத்திர இலக்கம், முகவரி ஆகியவற்றைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்ட பின்னரே இத்தகைய மனுவின் தலைப்பை எழுதத் தொடங்கவேண்டும்.